அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளின் லாபி எங்கே நடக்கிறது?

கேள்வி: "அமெரிக்க ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனிகள் லாபி செய்து அரசின் கொள்கையையே மாற்றிவிடுகின்றன என்கிறார்களே, அது லஞ்சம்தானே? மக்கள் இவ்வளவு கோபப்பட்டும் ஏன் எதுவும் மாறவில்லை? நியூஜெர்சியில் இருக்கும் என் அத்தைக்கு அடுத்த ஆண்டு 65 வயது ஆகிறது. மெடிகேர் அட்வான்டேஜ் எடுக்கச் சொல்லி இப்போதே போன் மேல் போன் வருகிறதாம். எடுக்கலாமா?"

நான் சென்னையில் அமெரிக்க மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கிறேன். அதிலும் மெடிகேர் அட்வான்டேஜ் (முதியவர்களுக்கான அரசுக் காப்பீட்டைத் தனியார் கம்பெனி வழியாக எடுக்கும் திட்டம்) நோயாளிகளின் சார்ட்டை, அதாவது மருத்துவப் பதிவைப் படித்து நோய்களுக்குக் கோட் போடும் ஹெச்.சி.சி. பிரிவு. வாஷிங்டனில் இந்தக் கம்பெனிகள் சாதிப்பதும் தோற்பதும் ஒவ்வொரு ஆண்டும் எங்கள் வேலைக்கான விதிமாற்றமாக வந்துசேரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் லஞ்சம். சட்டப்படி இது லஞ்சம் இல்லை. அரசிடம் முறையிடும் உரிமை அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது. கம்பெனி தன் பணத்தை நேரடியாக வேட்பாளருக்குக் கொடுக்க 1907 முதல் தடை உண்டு. ஊழியர்களிடம் திரட்டிய நிதியிலிருந்து ஒரு குழு, ஒரு தேர்தலுக்கு ஒரு வேட்பாளருக்கு 5,000 டாலர் வரை தரலாம். சம்பளத்துக்கு லாபி செய்கிறவர்கள் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, யாருக்காக, எந்த மசோதாவுக்காக, எவ்வளவு செலவில் வேலை செய்தோம் என்று காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை இங்கிருந்தே யாரும் எடுத்துப் படிக்கலாம். தேர்தல் விளம்பரங்களுக்குத் தனியாகச் செலவழிக்க 2010-ல் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது, அது வேறு வழி.

ஒரு செனட்டர் 5,000 டாலருக்குத் தன் ஓட்டை விற்கமாட்டார். அவரை நெருங்கும் வழிகள் வேறு: அவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களை வேலைக்கு எடுப்பது, அவருடைய தொகுதி முதியவர்களை அவருக்கே போன் செய்ய வைப்பது, அவருக்குப் படிக்க நேரமில்லாத 200 பக்க அறிவிப்பைச் சுருக்கி ஒரு பக்கமாகக் கையில் கொடுப்பது. இந்த மூன்றில் கடைசியைத்தான் வெளியில் இருப்பவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

எல்லோரும் முதலில் சொல்வது 1993-ஆம் ஆண்டுக் கதை. கிளின்டன் எல்லோருக்கும் காப்பீடு என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார், மசோதா 1,342 பக்கம். அன்றைய காப்பீட்டாளர் சங்கம் ஹாரி, லூயிஸ் என்று ஒரு நடுத்தரவர்க்கத் தம்பதியைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, அரசு திட்டத்தைப் படித்துக் கவலைப்படுகிற மாதிரி விளம்பரம் எடுத்தது. செலவு 1.4 கோடியிலிருந்து 2 கோடி டாலர் வரை என்பார்கள். 1994 செப்டம்பரில் மசோதா ஓட்டெடுப்புக்கே வராமல் செத்தது. விளம்பரம்தான் கொன்றது என்று சொல்வது மிகை. ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பெரிய கம்பெனிகள் சில அந்தச் சங்கத்தை விட்டு முன்பே வெளியேறித் தனி அணியாக நின்றன. இந்த விளம்பரங்களின் பின்னால் நின்றவை பெரும்பாலும் சிறிய, நடுத்தரக் காப்பீட்டாளர்கள். அந்தச் சங்கத்தின் தலைவர் பில் கிராடிசன், அதே 1993-ல் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர் பதவியை விட்டுவிட்டு வந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் லாபி என்றால் சட்டத்தைத் தடுப்பது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தடுப்பது பழைய முறை. சட்டம் வரட்டும், அதற்குள் பணத்தைத் தீர்மானிக்கும் எண் எது என்று கண்டுபிடித்து அதைத் தன் பக்கம் இழு என்பதுதான் 2003-க்குப் பிறகான முறை. என் பதிலின் சாரமே இதுதான்.

2003-ல் புஷ் ஆட்சியில் மெடிகேர் நவீனமயச் சட்டம் வந்தது. மெடிகேர் என்பது 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு நேரடியாக நடத்தும் காப்பீடு. முதியவர்களுக்கு மருந்துச் செலவைத் தருகிறோம் என்பதுதான் சட்டத்தின் முகப்பு. அதற்குள்ளேயே, மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாக எடுக்கும் திட்டங்களுக்கான தொகையை உயர்த்தி, மெடிகேர் அட்வான்டேஜ் என்று புதுப் பெயரும் வைத்தார்கள். பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்பு விடியற்காலை 3 மணிக்குத் தொடங்கி ஏறக்குறைய மூன்று மணி நேரம் நீண்டது. தோற்றுக்கொண்டிருந்த மசோதா கடைசியில் 220-215 என்று ஜெயித்தது. காங்கிரசுக்குச் சொல்லப்பட்ட பத்தாண்டுச் செலவு 39,500 கோடி டாலர். மெடிகேர் நிர்வாகத்தின் தலைமைக் கணக்கியலாளர் ரிச்சர்ட் ஃபாஸ்டரின் மதிப்பீடு 50,000 கோடியைத் தாண்டியிருந்தது. அதை உறுப்பினர்களிடம் சொல்லக்கூடாது என்று அவரைத் தடுத்தவர் அந்த நிர்வாகத்தின் தலைவரான தாமஸ் ஸ்கல்லி. சட்டம் நிறைவேறிய கையோடு அவர் அரசுப் பதவியை விட்டு, சுகாதாரத் துறைக் கம்பெனிகளை வாடிக்கையாளர்களாகக் கொண்ட ஒரு சட்ட நிறுவனத்தில் சேர்ந்தார். மசோதாவை முன்னின்று நடத்திய காங்கிரஸ் உறுப்பினர்களில் ஒருவரான பில்லி டாசின் 2005-ல் மருந்துக் கம்பெனிகள் சங்கத்தின் தலைவர் ஆனார். இவை எதுவும் ரகசியம் இல்லை, எல்லாம் பத்திரிகையில் வந்தவை. என்னைக் கோபப்படுத்துவதும் அதுதான்: இவ்வளவும் வெளிச்சத்தில் நடந்தது.

2009-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வரும்போது கம்பெனிகள் 1993 போல நேராக எதிர்க்கவில்லை. அவர்களின் சங்கத்துக்கு அப்போது பெயர் ஏ.ஹெச்.ஐ.பி., தலைவர் கேரன் இக்னாக்னி. மார்ச் மாதம் வெள்ளை மாளிகைக் கூட்டத்தில் எழுந்து நின்று, நாங்கள் ஒத்துழைப்போம் என்று அதிபரிடமே சொன்னார். ஏற்கெனவே நோய் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம், பதிலுக்கு எல்லோரும் காப்பீடு வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் போடுங்கள் என்பது அவர்களின் நிலை. இதில் நியாயமும் இருக்கிறது. நோய் வந்த பிறகு வாங்கலாம் என்று விட்டால் எந்தக் காப்பீடும் நிற்காது. ஆனால் அதே ஆண்டில் இதே சங்கம் 8.62 கோடி டாலரை அமெரிக்க வர்த்தக சபைக்குக் கொடுத்தது. வர்த்தக சபை அந்தச் சட்டத்தை எதிர்த்து விளம்பரம் செய்துகொண்டிருந்த அமைப்பு. இது வெளியே தெரிந்தது 2010 நவம்பரில், சட்டம் கையெழுத்தாகி எட்டு மாதம் கழித்து. சிக்னா என்ற காப்பீட்டுக் கம்பெனியில் மக்கள்தொடர்புத் துறைத் தலைவராக இருந்து 2008-ல் விலகிய வெண்டல் பாட்டர், 2009 ஜூனில் செனட் குழு முன் சாட்சி சொல்லி, இந்தத் தொழில் வெளியில் ஒன்று பேசும், உள்ளே வேறு செய்யும் என்று எச்சரித்திருந்தார்.

அந்தச் சண்டையில் கம்பெனிகள் உண்மையில் பயந்தது, அரசே ஒரு காப்பீட்டை நடத்தித் தங்களோடு போட்டி போடும் 'பப்ளிக் ஆப்ஷன்' என்ற யோசனைக்கு. பிரதிநிதிகள் சபை 2009 நவம்பரில் நிறைவேற்றிய மசோதாவில் அது இருந்தது. செனட்டில் 60 ஓட்டு வேண்டும், ஒபாமா பக்கம் சரியாக 60 பேர்தான் இருந்தார்கள், அவர்களில் ஒருவரான கனெக்டிகட் செனட்டர் ஜோ லீபர்மேன் முடியாது என்றார். விழுந்துவிட்டது. கனெக்டிகட் தலைநகர் ஹார்ட்ஃபோர்டு அமெரிக்கக் காப்பீட்டுத் தொழிலின் தாய்வீடு, ஏட்னா என்ற பெரிய காப்பீட்டுக் கம்பெனி அங்கேதான் இருந்தது. அவருடைய தொகுதியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சம்பளம் அந்தத் தொழிலிலிருந்து வருகிறது. தேர்தல் நன்கொடையைவிட இது வலுவான பிடி. செனட் நிதிக்குழு வரைவைத் தயாரித்த அதிகாரிகளில் முக்கியமானவர் லிஸ் ஃபௌலர். அதற்குச் சற்று முன்புவரை வெல்பாயின்ட் என்ற காப்பீட்டு நிறுவனத்தில் துணைத் தலைவர். அவர் கெட்டிக்காரர், விஷயம் தெரிந்தவர், கெட்ட எண்ணம் கொண்டவர் என்று நான் சொல்லமாட்டேன். இந்த விஷயத்தை ஆழமாகத் தெரிந்தவர்கள் எல்லோரும் அரசு, கம்பெனி என்ற ஒரே இரண்டு வாசல்கள் வழியாக வந்துபோகிறார்கள் என்பதுதான் சிக்கல். மெடிகேர் நிர்வாகத் தலைவராக இருந்த மரிலின் டவென்னர் 2015 தொடக்கத்தில் பதவி விலகி, அதே ஆண்டு ஏ.ஹெச்.ஐ.பி.-யின் தலைவர் ஆனார்.

இனி நான் தினமும் தொடும் இடத்துக்கு வருகிறேன். மெடிகேர் அட்வான்டேஜில் கம்பெனிக்கு அரசு தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கொடுக்கும். ஆரோக்கியமானவருக்குக் குறைவு, நோயாளிக்கு அதிகம். யார் எவ்வளவு நோயாளி என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? சார்ட்டில் உள்ள நோய்க் கோடுகளை வைத்து. ஒவ்வொரு நோய்த் தொகுதிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் ரிஸ்க் ஸ்கோர். அடிப்படைத் தொகையை அதனால் பெருக்கித்தான் கம்பெனிக்குப் பணம்.

ஒரு சார்ட்டைக் காட்டுகிறேன், யாருடையதும் இல்லை, வழக்கமாக வருகிற மாதிரி ஒன்று. 71 வயது அம்மா. டாக்டர் ஓரிடத்தில் 'சர்க்கரை நோய், வகை 2' என்று எழுதியிருக்கிறார். மெட்ஃபார்மின் ஓடுகிறது. இதை மட்டும் எடுத்தால் கோட் இ11.9, பழைய முறையில் மதிப்பெண் 0.105. இரண்டு பக்கம் தள்ளி, பாதத்தில் மரத்துப்போகிறது, நரம்புப் பாதிப்பு, கபாபென்டின் கொடுக்கப்பட்டது என்று ஒரு வரி. கோடிங் விதிப்படி சர்க்கரையும் நரம்புப் பாதிப்பும் ஒரே சார்ட்டில் இருந்தால், டாக்டர் வேறு காரணம் சொல்லாதவரை இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். கோட் இ11.40 ஆகிறது, மதிப்பெண் 0.302. ஆண்டுக்கு அடிப்படைத் தொகை 10,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு வரியின் விலை ஏறக்குறைய 2,000 டாலர். அந்த அம்மா சாப்பிடும் மாத்திரையில் எந்த மாற்றமும் இல்லை.

இது பொய்க் கணக்கு இல்லை. நோய் உண்மையாக இருந்து, டாக்டர் அதைக் கவனித்ததற்குச் சான்று இருந்தால், அந்தக் கோடைப் போடாமல் விடுவதுதான் தவறு. ஆனால் இந்த முறையில் தேடுதல் ஒரே திசையில்தான் ஓடும். விட்டுப்போன நோயைக் கண்டுபிடிக்க ஆள் வைப்பார்கள், வீட்டுக்கே நர்ஸை அனுப்பிப் பரிசோதிப்பார்கள், பழைய சார்ட்டுகளைத் திரும்பப் படிக்கச் சொல்வார்கள். சாதாரண மெடிகேரில் டாக்டருக்கு அப்படித் தேட எந்த அவசியமும் இல்லை. அமெரிக்க சுகாதாரத் துறையின் தணிக்கை அலுவலகம் 2024 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வீட்டுப் பரிசோதனையிலும் சார்ட் மறுவாசிப்பிலும் மட்டுமே தென்பட்டு, 2022-ஆம் ஆண்டின் வேறெந்தச் சிகிச்சைப் பதிவிலும் இல்லாத நோய்களுக்காக 2023-ல் கொடுக்கப்பட்ட பணம் சுமார் 750 கோடி டாலர் என்றது. நோய் உண்மை என்றால் அதற்கு வைத்தியம் எங்கே? வைத்தியம் இல்லை என்றால் நோய் எங்கே?

காங்கிரசுக்கு ஆலோசனை சொல்லும் மெட்பேக் என்ற அரசு ஆணையம், இதே ஆட்கள் சாதாரண மெடிகேரில் இருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட, 2025-ல் அட்வான்டேஜுக்கு 20 சதவீதம் அதிகம், அதாவது 8,400 கோடி டாலர் கூடுதலாகப் போகிறது என்று மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய பாதி கோடிங்கால் வருவது. மீதி, ஒப்பீட்டளவில் செலவு குறைவாக வைக்கிறவர்கள் இந்தத் திட்டங்களில் சேர்வதால் வருவது. கம்பெனிகளின் சங்கம் இந்தக் கணக்கு முறையே தவறு என்கிறது.

இப்போது லாபி. அடுத்த ஆண்டுக்குக் கம்பெனிகளுக்கு எவ்வளவு என்பதை மெடிகேர் நிர்வாகம் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் முன்னறிவிப்பாக வெளியிடும். 30 நாள் கருத்துச் சொல்ல அவகாசம். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் இறுதி அறிவிப்பு வந்துவிடும். இந்தச் சில வாரங்கள்தான் உண்மையான களம். மொத்தத் தொகை 2024-லேயே ஆண்டுக்கு 49,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஒரு சதவீதம் கூடினால் சுமார் 500 கோடி. அதற்காகச் சில கோடி டாலரில் விளம்பரம் செய்வது அவர்களுக்கு ஒரு செலவே இல்லை.

2013-ல் நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரியில் 2 சதவீதத்துக்கும் சற்று அதிகமான குறைப்பு என்று முன்னறிவிப்பு. ஆறு வாரம் அழுத்தம். ஏப்ரல் 1 அன்று இறுதி அறிவிப்பில் அது 3.3 சதவீத உயர்வாக மாறியது. அறிவிப்பு வந்தது பங்குச் சந்தை மூடிய பிறகு. சந்தை மூட 18 நிமிடம் இருக்கும்போதே ஒரு தரகு நிறுவனம் இந்தச் செய்தியை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிட்டது, ஹுமானா என்ற காப்பீட்டுக் கம்பெனியின் பங்கு குபீரென்று ஏறியது. செய்தி ஒரு லாபியிஸ்ட் வழியாக வந்தது என்று பிறகு தெரிந்து விசாரணைகள் நடந்தன.

2023 இன்னும் தெளிவான உதாரணம், எங்கள் வேலையை நேரடியாக மாற்றியதும் அதுதான். பிப்ரவரி 1 அன்று பைடன் அரசின் மெடிகேர் நிர்வாகம், ரிஸ்க் ஸ்கோர் முறையையே மாற்றப்போகிறோம் என்றது. நாங்கள் வி24 என்று சொல்லும் பழைய முறை போய் வி28. கம்பெனிகள் மட்டுமே அடிக்கடி கண்டுபிடிக்கும் நோய்களின் மதிப்பெண் குறையும் அல்லது மறையும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோய்க் கோடுகளுக்குப் பணம் கிடையாது. புண் இல்லாத கால் ரத்தக்குழாய் அடைப்பு போய்விட்டது. நான் மேலே சொன்ன சர்க்கரைக் கணக்கில், சிக்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மதிப்பெண், 0.166. அந்த ஒரு வரியைத் தேடி எடுக்கும் ஆசைக்கே வேலை இல்லாமல் செய்துவிட்டார்கள். நோய்களைக் கணக்கெடுக்கும் முறையில் இவ்வளவு புத்திசாலித்தனமான திருத்தத்தை நான் பார்த்ததில்லை.

அறிவிப்பில் மொத்த விளைவு 1.03 சதவீத உயர்வு என்று போட்டிருந்தது. மறுபக்கம் கம்பெனிகள் 2.27 சதவீத வெட்டு என்று கூவின. இரண்டும் அதே ஆவணத்தில் உள்ள எண்கள்! நடுவில் உள்ள வித்தியாசம் 3.30 சதவீதம், அதாவது கோடிங் வழக்கமாக ஏறும் வேகத்தில் ஸ்கோர் தானாகவே எவ்வளவு கூடும் என்ற மதிப்பீடு. அரசு அதை வருமானமாகச் சேர்த்தது. கம்பெனிகள், அது எங்கள் நோயாளிகள் மூப்படைவதால் வருவது, உயர்வாகச் சேர்க்கக் கூடாது என்று வெளியே தள்ளின. எங்களைப் போன்றவர்கள் மாதம் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலைதான் அந்த 3.30-க்குள் பெரும்பங்கு. ஒரு செனட்டர் அலுவலகத்தில் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் எத்தனை பேர் இருப்பார்கள்? 'முதியவர்களின் மெடிகேர் வெட்டப்படுகிறது' என்ற வாக்கியம் புரிய எந்தப் படிப்பும் வேண்டாம். பெட்டர் மெடிகேர் அலையன்ஸ் என்ற அமைப்பு, கம்பெனிகளின் ஆதரவில் நடப்பது, அந்த மாதம் அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின்போதே இதை விளம்பரமாகப் போட்டது. முதியவர்கள் காங்கிரஸ் அலுவலகங்களுக்குப் போன் செய்தார்கள். டாக்டர்கள் சிலரும் எதிர்த்தார்கள், அதில் ஏழை நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவக் குழுக்களும் உண்டு. அவர்கள் கவலை நிஜமானது, ஏனென்றால் அவர்களின் கிளினிக் வருமானமே இந்த ஸ்கோரில் ஒரு பங்காக வந்துகொண்டிருந்தது.

மார்ச் 31 அன்று இறுதி அறிவிப்பு. வி28 நிற்கும், ஆனால் ஒரே ஆண்டில் வராது, மூன்று ஆண்டில் மூன்று பங்காக வரும். உயர்வு 3.32 சதவீதம். பத்திரிகைகளில் சிலர் அரசு பணிந்தது என்றும் சிலர் நின்றது என்றும் எழுதினார்கள். என் பார்வையில் அரசு கொள்கையில் ஜெயித்தது, கம்பெனிகள் காலத்தில் ஜெயித்தன. முறை முழுதாக நடைமுறைக்கு வந்தது 2026-ல்தான். இடையில் ஆட்சி மாறிவிட்டது. பைடன் அரசு போகும் முன் 2026-க்கு 2.23 சதவீத உயர்வு என்று சொல்லியிருந்தது. டிரம்ப் அரசு 2025 ஏப்ரலில் 5.06 சதவீதம் என்று முடித்தது. முந்தைய ஆண்டைவிட 2,500 கோடி டாலருக்கு மேல் கூடுதல்.

முதியவர்கள் ஏன் கம்பெனி பக்கம் நிற்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஏமாற்றப்பட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் அது முழு உண்மை இல்லை. அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குக் கண்ணாடியாக, பல் வைத்தியமாக, குறைந்த பிரீமியமாகத் திரும்பி வருகிறது. சாதாரண மெடிகேரில் நோயாளியின் கைச்செலவுக்கு உச்சவரம்பே கிடையாது, அட்வான்டேஜில் உண்டு. மெடிகேருக்குத் தகுதியானவர்களில் பாதிக்கும் மேல் இப்போது இதில்தான் இருக்கிறார்கள். 300-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் இரு கட்சியிலிருந்தும் இந்தத் திட்டத்தை ஆதரித்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும் அதனால்தான். அரசுப் பணத்தில் பயனாளிகளை உருவாக்கி, அந்தப் பயனாளிகளைக் கொண்டே அரசிடம் மேலும் கேட்பது: 1993-ல் நடிகர்களைத் தேட வேண்டியிருந்தது, இப்போது தேவையில்லை.

கம்பெனிகளை மட்டும் வில்லனாக்கிப் பேசுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. 1940-களின் கடைசியில் அதிபர் ட்ரூமனின் தேசியக் காப்பீட்டை விரட்டியது டாக்டர்களின் சங்கம். லாபிக்கு அதிகம் செலவிடும் துறை மருத்துவத் துறை என்றால், அதில் மருந்துக் கம்பெனிகள் முன்னால், மருத்துவமனைகளும் பின்தங்கவில்லை.

எதுவுமே மாறவில்லை என்பதும் சரியில்லை. முன்பே நோய் இருந்தால் காப்பீடு மறுக்கும் வழக்கத்தை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அதுவே, வாங்கும் பிரீமியத்தில் 80 அல்லது 85 சதவீதம் வைத்தியத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் மீதியைத் திருப்பிக் கொடு என்றது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். கம்பெனியே கிளினிக்குகளையும் மருந்து விற்பனையையும் வாங்கிவிட்டால், தன் இடது கையிலிருந்து வலது கைக்குக் கொடுக்கும் பணமும் வைத்தியச் செலவுதான். 2023-ல் அரசு தவறான கோடுகளைத் தணிக்கை செய்து பணத்தைத் திரும்பப் பெற ஒரு விதி போட்டது. மாதிரிக்கு எடுத்த சார்ட்டுகளில் தெரியும் பிழை விகிதத்தை முழு ஒப்பந்தத்துக்கும் பெருக்கி வசூலிக்கலாம் என்பது அதன் உயிர்நாடி. ஹுமானா டெக்சாஸ் நீதிமன்றத்துக்குப் போனது, 2025 செப்டம்பரில் நீதிபதி நடைமுறைக் குறையைக் காட்டி அந்த விதியை ரத்து செய்தார். காங்கிரசில் முடியாதது நிர்வாகத்தில், நிர்வாகத்தில் முடியாதது நீதிமன்றத்தில். மக்கள் கோபம் ஒரு செய்தியின் பின்னால் சில வாரம் ஓடும். இவர்கள் ஆண்டு முழுக்கச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். வித்தியாசம் அதுதான்.

அத்தை விஷயம். அவரைக் கேட்காமல் கம்பெனி தானாகப் போன் செய்து மெடிகேர் அட்வான்டேஜ் விற்கக் கூடாது என்பது விதி, அதனால் அந்தப் போன்களை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், மெடிகேர் எண்ணையும் சொல்ல வேண்டாம். அட்வான்டேஜ் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய டாக்டரும் ஆஸ்பத்திரியும் அந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில் இருந்து, கையில் பணம் இறுக்கம் என்றால், அது ஒத்துவரலாம். ஆனால் முன் அனுமதி என்ற ஒன்று உண்டு. ஸ்கேன், ஆபரேஷன், மறுவாழ்வு மையம் என்று பலவற்றுக்கும் கம்பெனியின் சம்மதம் வேண்டும். 2023-ல் இப்படி ஏறக்குறைய 5 கோடி விண்ணப்பங்கள் போயின, 6.4 சதவீதம் முழுதாகவோ பகுதியாகவோ மறுக்கப்பட்டன. மறுக்கப்பட்டதில் 12 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மேல்முறையீடு போனது, போனவற்றில் பத்துக்கு எட்டு ஜெயித்தன. அதனால் எதை எடுத்தாலும், மறுப்புக் கடிதம் வந்தால் அத்தை சும்மா இருக்கக் கூடாது.

இன்னொன்றை யாரும் விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள். சாதாரண மெடிகேரை எடுத்தால் அதன் ஓட்டைகளை அடைக்க மெடிகேப் என்ற துணைக் காப்பீடு தேவைப்படும். 65 வயதாகி, பார்ட் பி (மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி) தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை, என்ன நோய் இருந்தாலும் மெடிகேப் கொடுத்தே ஆக வேண்டும். அந்த ஆறு மாதம் போனால் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலை பார்த்து மறுக்கலாம் (மேலே சொன்ன 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை மெடிகேப்புக்குப் பொருந்தாது), நியூஜெர்சியிலும் அப்படித்தான். முதல்முறை 65-ல் நேராக அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கு 12 மாதத்துக்குள் பின்வாங்கிவந்து மெடிகேப் வாங்க ஓர் உரிமை இருக்கிறது. அதுவும் முடிந்துவிட்டால், ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டம் மாற்ற முடியும் என்றாலும், மெடிகேப் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நோய் வந்த பிறகுதான் பலர் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஷிப்' என்ற இலவச ஆலோசனை மையம் அரசு நிதியில் நடக்கிறது, அங்கே இருப்பவர்களுக்கு விற்பனைக் கமிஷன் கிடையாது. அத்தையின் மருந்துப் பட்டியலையும் டாக்டர் பெயர்களையும் எடுத்துக்கொண்டு, பிறந்தநாளுக்கு மூன்று மாதம் முன்பே அங்கே ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள்.